தவறான அத்தியாயத்தில் ஒரு சட்டப்பிரிவு: இந்திய உயர்கல்வியும் மாற்றுத்திறனாளிகளும்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் (சம வாய்ப்பு, உரிமைகள் பாதுகாப்பு மற்றும் முழுப் பங்கேற்பு) சட்டத்தின் 39ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தால் ஆனது. அரசுக் கல்வி நிறுவனங்களும் அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களும் மூன்று விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஊனமுற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என்று அது கூறியது. கல்லூரி வாயிலில் விண்ணப்பத்துடன் நிற்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான வாசகம் தேவைப்படாது. ஆனால் அந்த வாக்கியம் இடம்பெற்ற இடமே சிக்கலானது. சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் கல்வியைப் பற்றியது. 26 முதல் 31 வரையிலான பிரிவுகள் அதில் அடங்கும். ஆறாம் அத்தியாயம் வேலைவாய்ப்பைப் பற்றியது. கல்வி நிறுவன இடங்களைப் பேசும் 39ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு என்னும் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருந்தது.

கேரளத்தில் செவித்திறன் குறைந்தோரின் பெற்றோர் சங்கம் இப்பிரிவின் பயனைக் கோரி நீதிமன்றம் சென்றது. பிரிவு வேலைவாய்ப்பு அத்தியாயத்தில் இருப்பதால் அது கல்வி நிறுவனங்களில் உள்ள பணியிடங்களையே குறிக்கும், மாணவர் சேர்க்கையைக் குறிக்காது என்று மாநில உயர் நீதிமன்றம் பொருள் கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பணியிட ஒதுக்கீட்டுக்கு 33ஆம் பிரிவு தனியே இருக்கிறது. ஆகவே 39ஆம் பிரிவு மாணவர்களுக்கான இடங்களைப் பற்றியதே என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின் ஒரு வாக்கியத்துக்கு நேர்ப்பொருள் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் பள்ளியிறுதி முடித்த மாணவர்கள் பலருக்குக் கல்லூரிப் பருவமே கடந்துவிட்டிருக்கும்.

இதை வரைவாளரின் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் உருவான வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில், அந்தப் பிரிவு வேலைவாய்ப்பின் கீழ் போய்ச் சேர்ந்தது முற்றிலும் தற்செயல் என்று கொள்ள இயலாது. மாற்றுத்திறனாளியை ஒரு கைத்தொழிலில் அமர்த்தப்பட வேண்டியவராக அரசும் சமூகமும் நெடுங்காலம் கண்டன. நூலகத்தில் அமர்ந்து ஆய்வு செய்பவராக அவரைக் காணும் பழக்கம் மிகவும் பிந்தி வந்தது.

பார்வையற்றோருக்கான இந்தியாவின் முதல் பள்ளியை ஆனி ஷார்ப் என்ற கிறித்தவ ஊழியர் 1887இல் அமிர்தசரசில் தொடங்கினார். அப்பள்ளி பின்னர் டேராடூனை அடுத்த ராஜ்பூருக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1943இல் டேராடூனில் புனித டன்ஸ்டன் விடுதி உருவானது. விடுதலைக்குப் பின் 1950இல் அதே நகரில் வயதுவந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையத்தை மத்திய அரசு அமைத்தது. இத்தகைய நிலையங்களின் நோக்கம் மறுவாழ்வு. பிரம்பு முடைதல், நெசவு போன்ற கைத்தொழில்களே அவற்றின் பயிற்சியில் முதன்மை பெற்றன. வருவாயின்றி இருந்தோருக்கு அது பெரும் உதவி என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த ஏற்பாட்டில் பல்கலைக்கழகத்துக்கான பாதை எதுவும் வரையப்படவில்லை.

எழுத்தின் வரலாறும் இதே நகரத்தோடு பிணைந்தது. இந்திய மொழிகளுக்குப் பல்வேறு பிரெய்ல் முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வழங்கிவந்தன. 1951இல் பாரதி பிரெய்ல் என்னும் பொது முறை ஏற்கப்பட்டது. தமிழின் ககரமும் இந்தியின் ககரமும் வங்காளத்தின் ககரமும் ஒரே புள்ளி அமைப்பைப் பெற்றன. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் நிறுவப்பட்டது. 1952இல் தேசியப் பார்வையற்றோர் சங்கம் மும்பையில் தோன்றியது. ஆயினும் பிரெய்ல் அச்சு பள்ளிப் பாடநூல்களைத் தாண்டிச் செல்வது அரிதாகவே இருந்தது. அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கங்களாக விரியும். தடித்த தாள் வேண்டும். ஒரே நூல் பல தொகுதிகளாகும். ஒரு வகுப்பில் ஒருவருக்காக முதுகலைப் பொருளாதார நூலை அவ்வாறு அச்சிட எந்த அச்சகமும் முன்வராது. ஆகவே கல்லூரிக்கு வந்த பார்வையற்ற மாணவர் நண்பர்களின் குரலை நம்பினார். யாரேனும் வாசிக்க, அவர் பிரெய்லில் குறிப்பெடுத்தார். பின்னாளில் ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். வாசிப்பவர் ஊருக்குப் போய்விட்டால் படிப்பும் நின்றது.

இந்நிலையில்தான் சட்டத்துக்கான கோரிக்கை எழுந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் குறித்த கேள்வியே கேட்கப்படவில்லை என்பது அக்காலத்தின் மனப்போக்கைக் காட்டும். 1993இல் ஜாவேத் அபிதி முதலானோர் தில்லியில் ஊனமுற்றோர் உரிமைக் குழுவை அமைத்தனர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அபிதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். மாற்றுத்திறனாளி மாணவர்களை மனத்திற்கொண்டு கட்டப்பட்ட வளாகம் அது. வளாகம் எப்படி இருக்க முடியும் என்பதை நேரில் அறிந்த ஒருவர் இந்தியாவில் சட்டம் கேட்க முன்னின்றார். 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டத்தின் கல்வி அத்தியாயம் இன்றும் கூர்ந்து வாசிக்கத்தக்கது. பார்வையற்ற மாணவர்களுக்கும் குறைபார்வை உடையோருக்கும் சொல்வதை எழுதுபவரை ஏற்பாடு செய்யுமாறு 31ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களைப் பணித்தது. 30ஆம் பிரிவு போக்குவரத்து, நூல்கள், உதவித்தொகை ஆகியவற்றுடன் தேர்வு முறை மாற்றத்தையும் பேசியது. பார்வையற்றோரின் நலன் கருதி முற்றிலும் கணிதம் சார்ந்த வினாக்களை நீக்க வேண்டும் என்றது. செவித்திறன் குறைந்தோர் ஒரே மொழியை மட்டும் கற்கும்படி பாடத்திட்டத்தை அமைக்க வேண்டும் என்றது. இரண்டும் சலுகையாகவே எண்ணி எழுதப்பட்டவை. ஆனால் கணிதத்தைத் தொடுவுணர்வாலும் ஒலியாலும் கற்பிக்கும் வழியைத் தேடுவதற்குப் பதிலாகக் கணிதத்தையே விலக்கிவிட்டால், அறிவியல் பட்டப்படிப்பின் கதவும் உடன் மூடப்படுகிறது. சைகைமொழியில் பாடம் நடத்த ஏற்பாடு செய்யாமல் மொழிப்பாடத்தை மட்டும் குறைத்தால், வகுப்பறையில் மாணவர் இன்னும் ஒன்றும் அறியாதவராகவே அமர்ந்திருப்பார். மாணவரின் சுமையைக் குறைக்க முனைந்த சட்டம், நிறுவனத்தின் கற்பிக்கும் முறையைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது.

சட்டம் விட்ட இடைவெளியை நிரப்பும் வேலை சிறு அமைப்புகளின் மேல் விழுந்தது. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, சிறப்புத் தேவையுடையோருக்கான உயர்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கல்லூரிகளில் உதவிப் பிரிவு அமைத்தல், கட்டடங்களை அணுகத்தக்கதாக்குதல், சிறப்புக் கருவிகள் வாங்குதல் ஆகிய மூன்றுக்கும் அத்திட்டம் நிதி அளித்தது. மும்பை புனித சேவியர் கல்லூரியில் 2003இல் பார்வையற்றோருக்கான வள மையம் தொடங்கப்பட்டது. தன் கல்லூரி மாணவர்களுக்கு நூல்களை மாற்றித் தருவதோடு நில்லாமல், வங்கிச் சேவை, காப்புரிமைச் சட்டம் முதலிய பொதுச் சிக்கல்களிலும் அம்மையம் தலையிட்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சம வாய்ப்புப் பிரிவு உருவாயிற்று. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நூலகத்தில் ஹெலன் கெல்லர் பெயரில் ஒரு தனிப்பிரிவு, கணினிகளுடனும் திரைவாசிப்பான் மென்பொருளுடனும் பார்வையற்ற ஆய்வு மாணவர்களுக்காக இயங்கியது.

இவ்வமைப்புகளின் அருமையும் எல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன. அவை பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் அல்லது ஒரு நூலகரின் ஈடுபாட்டால் வாழ்ந்தன. திட்ட நிதி காலவரையறைக்கு உட்பட்டது. பொறுப்பாளர் ஓய்வுபெற்றால் கருவிகள் பூட்டிய அறையில் கிடக்கும். மாணவர் சேர்க்கைக்கான இடம் சட்டத்தால் உறுதிப்பட்டது. அந்த இடத்தில் அமர்ந்து படிப்பதற்கான வழி நல்லெண்ணத்துக்கு விடப்பட்டது. உரிமைக்கும் உதவிக்கும் இடையிலான இந்த விரிசலே அடுத்த இருபது ஆண்டுகளின் போராட்டக் களமாக அமைந்தது.

முதலில் நூல். கணினியும் திரைவாசிப்பான் மென்பொருளும் பரவியபோது, எழுத்தை ஒலியாக மாற்றும் தொழில்நுட்பத் தடை பெருமளவு நீங்கியது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவச மென்பொருள், விலையுயர்ந்த வணிக மென்பொருளை வாங்க இயலாதோருக்கும் வழி திறந்தது. ஆனால் சட்டத் தடை நின்றது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில், பார்வையற்றோருக்காக ஒரு நூலை வேறு வடிவுக்கு மாற்றத் தனி விலக்கு ஏதும் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாளரிடம் இசைவு பெறுவது நடவாத காரியம். டெய்சி இந்திய மன்றம், பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையம் உள்ளிட்ட அமைப்புகள் 2009 முதல் வாசிக்கும் உரிமைக்கான இயக்கத்தை நடத்தின. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்காக அதை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவது காப்புரிமை மீறல் ஆகாது என்றாயிற்று. இதே நோக்கத்துக்கான பன்னாட்டு உடன்பாடு 2013இல் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்டது. அதை 2014 ஜூனில் உலக நாடுகளுள் முதலாவதாக உறுதிசெய்தது இந்தியாவே. 2016 ஆகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. தனித்தனி அமைப்புகளிடம் சிதறிக் கிடந்த ஒலிநூல்களும் மின்னூல்களும் ஒரே பட்டியலுக்குள் வந்தன. ஒரே நூலை ஐந்து ஊர்களில் ஐந்து தன்னார்வலர்கள் மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிவுசெய்த காலம் இவ்வாறு முடிவுக்கு வரத் தொடங்கியது.

செவித்திறன் குறைந்தோருக்கு இந்த வரலாறு இன்னும் மெதுவாக நகர்ந்தது. இந்திய சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் முதலில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் திட்டமிடப்பட்டது. பின்னர் 2015இல் மத்திய அரசின் தனி அமைப்பாகத் தில்லியில் நிறுவப்பட்டது. 2018இல் அது வெளியிட்ட அகராதி 3,000 சொற்களைக் கொண்டிருந்தது. 2021க்குள் 10,000 ஆக வளர்ந்தது. கல்லூரிப் பாடம் சைகைமொழியில் நடைபெறக் கலைச்சொற்கள் வேண்டும். கலைச்சொற்களைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பாரதி பிரெய்லுக்குப் பின் 64 ஆண்டுகள் கழித்தே இதற்கென ஒரு தேசிய மையம் தனியாக எழுந்தது.

அடுத்தது கட்டடமும் கற்பித்தலும். 39ஆம் பிரிவுக்கு 2002இல் பொருள் தெளிந்த பின்னரும் நிறுவனங்கள் பல இடங்களை நிரப்பவில்லை. 2006இல் ஊனமுற்றோர் உரிமைக் குழு உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. மனு மூன்று கேள்விகளை எழுப்பியது. ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரப்பப்படுகின்றனவா? வளாகத்தில் மாணவர் தடையின்றி நடமாட முடிகிறதா? அவருக்கு ஏற்ற முறையில் கற்பிக்கப்படுகிறதா? தொடக்கத்தில் சட்டக் கல்லூரிகளைப் பற்றியதாக இருந்த வழக்கைப் பின்னர் நீதிமன்றமே எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கியது. வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே சூழல் மாறியது. 2007இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்தது. தமிழ்நாட்டு அரசு ஊனமுற்றோர் என்ற சொல்லை விடுத்து மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஏற்றதும் இக்காலத்திலேதான். 2016இல் புதிய சட்டம் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டு வகைகள் ஏழிலிருந்து 21 ஆயின. உயர்கல்வி ஒதுக்கீடு ஐந்து விழுக்காடாக உயர்ந்தது. அதனுடன் ஐந்து ஆண்டு வயது வரம்புத் தளர்வும் வந்தது.

2017 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து விழுக்காட்டு ஒதுக்கீட்டை நிறுவனங்கள் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கப்பட்ட மாற்றுத்திறனாளி மாணவர்களின் விவரத்தை ஆணையரிடம் அளிக்க வேண்டும். அணுகல் வசதிக்கும் கற்பித்தலுக்குமான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு குழு அமைத்து ஆராய வேண்டும். அம்மாணவர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க நிறுவனந்தோறும் ஓர் உள்ளமைப்பு வேண்டும் என்பன அதன் சாரம். மனு தொடுக்கப்பட்டுப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. தீர்ப்பு வந்த மூன்றாம் மாதத்தில், 2018 மார்ச் 4 அன்று ஜாவேத் அபிதி காலமானார். உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் நெறிமுறைகளை மானியக் குழு வெளியிட்டது 2022இல்.

மூன்றாவது களம் தேர்வறை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எழுதுபவரைப் பார்வைக் குறைபாட்டோடு மட்டும் இணைத்திருந்தது. எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுடைய ஒரு தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவரை மறுத்த ஆணையத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 40 விழுக்காடு குறைபாடு என்னும் அளவு, ஒதுக்கீடு பெறுவதற்கானதே. தேர்வில் நியாயமான வசதி பெறுவதற்கு அது நிபந்தனையாகாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வசதி என்பது சமத்துவத்தின் உள்ளடக்கமே என்னும் கருத்து அத்தீர்ப்பால் உறுதிப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், எழுத்துத்திறன் குறைபாடுடைய ஒரு மாணவிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் உரிய கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட வழக்கிலும் இக்கொள்கை பின்பற்றப்பட்டது. தேர்வு நடத்திய அமைப்பு தவறைச் சீர்செய்யும் வழியைக் காண வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. மறுதேர்வு மட்டும் அம்மாணவிக்குக் கிடைக்கவில்லை.

2024 அக்டோபரில் வந்த மற்றொரு தீர்ப்பு, விதிகளின் உள்முரணை வெளிக்கொணர்ந்தது. ஒதுக்கீடு பெற 40 விழுக்காடு குறைபாடு வேண்டும் என்கிறது சட்டம். பேச்சு, மொழிக் குறைபாடு 40 விழுக்காட்டை எட்டினால் மருத்துவப் படிப்புக்கே தகுதியில்லை என்றது மருத்துவக் கல்வி விதி. ஒரு கதவு திறக்கும் அதே அளவில் மற்றொரு கதவு அடைபட்டது. எண்ணை மட்டும் கொண்டு ஒருவரை விலக்கக் கூடாது. அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாணவரால் படிக்க முடியும் என்று மருத்துவக் குழு அறிக்கை அளித்திருந்தது. அவர் சேர்க்கை பெற்றார்.

இத்தனைக்கும் பின்னர் நிலைமை என்ன? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் மொத்த மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 4.14 கோடி. அவர்களுள் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானோர் ஏறத்தாழ 79 ஆயிரம். ஆயிரம் மாணவர்களில் இருவர் என்ற விகிதத்தையும் அது எட்டவில்லை. ஐந்து விழுக்காட்டு ஒதுக்கீடு அரசு, அரசு உதவி நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், குறைபாட்டைப் பதிவுசெய்யாத மாணவர்கள் உண்டு என்பதையும் கணக்கில் கொண்டாலும், இந்த இடைவெளி சிறிதாகிவிடாது. ஒதுக்கீடு பள்ளிக் கல்வியை முடித்து வருவோருக்கே பயன்படும். முதல் தளத்தில் வகுப்பு, ஏணிப்படி மட்டும், வாசிக்க முடியாத நூல் என்னும் தடைகள் பள்ளியிலேயே பலரைக் கழித்துவிடுகின்றன. மீந்தவரைக் கல்லூரியில் அதே தடைகள் வரவேற்கின்றன.

இந்த வரலாற்றில் ஒரு வேலைப் பிரிவினை தெரிகிறது. இடத்தைச் சட்டம் தந்தது. அந்த இடத்தைப் பயனுடையதாக்கும் நூலையும் பாதையையும் தேர்வு வசதியையும் பெற்றோர் சங்கங்கள், வள மையங்கள், உரிமைக் குழுக்கள், தனி மாணவர்கள் ஒவ்வொன்றாகப் போராடிப் பெற்றனர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விரிசலை ஓரளவு மூடுகிறது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் மாணவருக்கேற்ப மாற்றும் கடமையை அதன் கல்வி அத்தியாயம் நேரடியாகச் சொல்கிறது. கூடுதல் நேரமும் எழுதுபவரும் அங்கே எல்லாக் குறைபாடுகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன. ஆனால் கடமையை நிறைவேற்றும் கைகள் துறைகளிலும் நூலகங்களிலும்தான் உள்ளன.

தமிழ்ப் புலத்தில் இது மிக எளிய ஒரு செயலோடு தொடர்புடையது. துறைகள் மாணவர்களுக்கு வழங்கும் வாசிப்புப் பட்டியலில் பெரும்பகுதி ஒளிநகல் எடுத்த படக் கோப்புகளாகவே இருக்கிறது. பழைய கட்டுரைகள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. கண்ணால் காண்போருக்கு அவை தமிழ். திரைவாசிப்பானுக்கு முதலாவது வெற்றுப் படம், இரண்டாவது பொருளற்ற குறிகளின் கோவை. அவற்றை ஒருங்குறி எழுத்தாக மாற்ற 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சட்ட இசைவு தந்துவிட்டது. எழுத்துணரியும் எழுத்துரு மாற்றியும் கையருகே உள்ளன. மெய்ப்புப் பார்க்க மனிதர்களே வேண்டும். அடுத்த பருவத்துக்கான பட்டியலைத் துறைகள் இறுதி செய்யும் நாளில், அதிலுள்ள எத்தனை கோப்புகளைத் திரைவாசிப்பான் வாசிக்கும் என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்கு நீதிமன்ற ஆணை எதுவும் தேவையில்லை.